விமலாவின் டிஸ்கஸ் ஜோடி

புந்தோங், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள விமலாவுக்கு,

நானும் தினேஸ்வரியும் சுகம். டப்ளின் குளிரில் உன் இருமல் விட்டதா? ஆஸ்பத்திரியில் ஊரார் இருமலையெல்லாம் பார்த்துக்கொண்டு உன்னுடையதை மறந்துவிடாதே.

அங்கே வேலையை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாமா என்று போனில் கேட்டாய். மாதக் கடைசிக்குள் நீ கையெழுத்துப் போட வேண்டும் என்பது நினைவிருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் உன் மீன் கதையைக் கேள்.

உன் டிஸ்கஸ் ஜோடி மறுபடி முட்டையிட்டது. போன தடவைகளில் முட்டைகள் வெள்ளை பூத்துக் கெட்டுப்போயினவே, அதற்குக் காரணம் நான்தான். அமேசான் ஆற்று மீனுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது என்று நானாக நினைத்து, இங்கே சனங்கள் குடிக்கப் பிடிக்கிற மலையடி ஊற்றுத் தண்ணீரைத் தோம்பு தோம்பாகக் கொண்டுவந்து ஊற்றினேன். முதுகு போனதுதான் மிச்சம். மீன்கடை யுகேந்திரன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, அது சுண்ணாம்புக்கல் மலைலா! அந்தத் தண்ணில முட்டைத் தோல் இறுகிப்போயிரும், குஞ்சு எப்படி வெளிய வரும்?" என்றான்.

அப்புறம் குழாய்த் தண்ணீரையே பிடித்து இரண்டு நாள் வைத்திருந்து, காய்ந்த கெத்தாப்பாங், அதான் நாட்டு வாதுமை, இலை போட்டு, தேநீர் நிறம் வந்த பிறகு ஊற்றினேன். இந்த முறை பொரித்தது!

குஞ்சுகள் நீந்த ஆரம்பித்ததும் தாயின் உடம்பில் மொய்த்துக்கொண்டு கொத்தின. ஐயையோ, பெற்றவளையே தின்கின்றனவே என்று குஞ்சுகளைப் பிரிக்க வலையைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளை, பார்க்க வந்திருந்த யுகேந்திரன் தடுத்தான். உடம்பில் ஊறுகிற வழவழப்புதான் குஞ்சுகளுக்குச் சாப்பாடாம். தகப்பனுக்கும் ஊறுமாம், பாரேன்! தாய் களைத்தால் உடம்பை ஒரு உதறு உதறும். மொத்தக் கூட்டமும் தகப்பனிடம் ஓடி ஒட்டிக்கொள்ளும். அது களைத்தால் மறுபடி தாயிடம். நானும் மகளும் சோற்றுத் தட்டோடு தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரு மீன் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று தினேஸ்வரி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. யுகேந்திரனைக் கேட்டேன். ஒன்றே வளர்த்துவிடும், ஆனால் உடம்பெல்லாம் புண்ணாகிவிடும் என்றான்.

மீனைக் காட்டி உன்னை மடக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. மீன் மீன்தான். இனி எழுதுவது நான்.

போனில் பெரிய மனுஷன் மாதிரி "உன் இஷ்டம்" என்றேன். என் இஷ்டத்தைச் சொல்லவில்லை. தினேஸ்வரிக்குத் தலை பின்னுகிறேன், சமைக்கிறேன், பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். முடியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், முடிகிறது. ஆனால் களைத்துவிட்டேன், விமலா. கையெழுத்துப் போடாதே. வந்துவிடு.

அந்த ஊர்ச் சாமி எதுவானாலும் உன்னை நல்லபடியாக எங்களிடம் அனுப்பி வைக்கட்டும்.

உன்,
தர்மா