ஒரு தலை குறைந்தது

இல்லை உபதேசியார், பிழை உங்களில்தான். நீங்கள் செத்துப்போனதற்காக நான் விட்டுவிடப் போவதில்லை.

இன்று காலை சாம்பல்தீவுக் கடற்கரையில் நனைந்த வெள்ளைச் சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஞானஸ்நானம் முடிந்திருந்தது. ஒருவர் ஒலிபெருக்கியில், "இந்தமுறை மேலிடம் கேட்டதைவிடக் கூட!" என்று கத்தினார், கரைவலையில் பட்ட மீனைச் சொல்வதுபோல. எனக்கு வந்த கோபத்துக்கு, சண்டைபிடிக்க உங்களைவிட்டால் வேறு ஆளில்லை.

நீங்கள் இங்கே இருந்தது, வெள்ளைக்காரக் கடற்படை போய், கப்பல் பழுதுபார்க்கிற டொக்யாட்டில் வேலை சுருங்கிக் கிடந்த காலம். நீங்கள் மிஷன் உபதேசியார். நான் உங்களை ஊர் ஊராக ஏற்றி இறக்கிய தோணிக்காரன், கோணேசர் கோயில் ஆள். கொழும்பிலிருந்து பெரிய போதகர் சொல்லியனுப்பினார்: வருஷம் முடியமுன் இருபது பேருக்கு ஞானஸ்நானம். இல்லாவிட்டால் உங்களுக்கு வேலையுமில்லை, மனைவி பிள்ளைகளோடு குடியிருந்த மிஷன் வீடுமில்லை. எண்ணிக் கட்டி அனுப்புவதற்கு ஆத்துமா என்ன கருவாடா?

நீங்களோ காய்ச்சல்காரன் வீட்டில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, வேதத்தில் ஒரு வசனமும் சொல்லாமல் திரும்பி வருவீர்கள்.

"என்ன உபதேசியார், இண்டைக்கும் வலை வெறுமையோ?"

"வாயை மூடிக்கொண்டு தோணியை வலி."

எப்படியோ பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். இருபதாவது ஆள் ஒரு விதவை. பெரிய போதகரே வந்து கமராவோடு கரையில் நின்றார். நீங்கள் இடுப்பளவுத் தண்ணீரில். மற்ற உபதேசிமார் மனமிருக்கோ என்ற கேள்வியைக் கேட்ட கையோடு ஆளை முக்கிவிடுவார்கள். நீங்கள் மட்டும் பதில் வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அன்றும் நின்றீர்கள்.

"அம்மா, மனமிருந்துதான் வாறீங்களோ?"

"மனமென்ன தம்பி! நான் முங்கினா மகனுக்கு மிஷன் தச்சுப்பட்டறையில வேலை தாறனெண்டு அந்தக் கரையில நிக்கிற ஐயா சொன்னவர். கெதியா முக்குங்கோ, குளிருது."

"முக்குங்காணும்!" என்று பெரிய போதகர் கரையிலிருந்து கத்தினார்.

நீங்கள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிவந்தீர்கள். "முதல்ல பொடியனுக்கு வேலையைக் குடுங்கோ ஐயா. அதுக்குப் பிறகும் அம்மா வந்தா, முக்கிறன்."

அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. உங்களுக்கு இருந்ததும் போயிற்று.

திரும்பி வரும்போது தோணியில் சொன்னேன்: "ஒரு தலைதானே குறையுது? நான் முங்கிறன். எழும்பிப் போய்க் கோணேசருக்கு ஒரு தேங்காயை உடைச்சா, அவர் கோவிக்க மாட்டார்."

நீங்கள் சிரிக்கவில்லை. "உன்னையும் ஒரு இலக்கமாக்கச் சொல்றியோ?"

ஓம், ஆக்கியிருக்கலாம்! உங்கள் மனைவி அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, சாவியை மிஷன் ஆளிடம் கொடுத்ததைப் பார்த்தவன் நான். மனுசரை எண்ணுகிறவனுக்குக் கொழும்பில் மாடிவீடு. மனுசரைக் கேட்கிறவனுக்குத் தெரு. இது எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது?

நீங்கள் ஊரைவிட்டுப் போன நாளில், பஸ் நிலையத்தில் உங்கள் பெட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வந்ததை அன்று முழுதாகச் சொல்ல ஏலாமல் போனது.

"உபதேசியார், ஊரில எல்லாரையும் கேட்டனீங்கள். இவ்வளவு காலமும் ஒரே தோணியில வந்த என்னை மட்டும் ஒருநாளும் மனமிருக்கோ எண்டு கேக்கேல்ல. பகிடியை விடுங்கோ. நீங்கள் ஒருக்கா கேட்டிருந்தா, நான் மனமிருந்தே..."

நீங்கள் பெட்டியை என் கையிலிருந்து பறித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸை நோக்கி நடந்துவிட்டீர்கள்.