வியட்நாமுக்கு முன்பணம்

ஐப்பசி 10, செவ்வாய்

வயலைப் படமெடுக்க வியட்நாம் வரை ஏன் போக வேண்டும்? தம்பி கேட்டான். புகைப்படப் பயிற்சிக் குழுவுக்கு முன்பணம் கட்ட நாளை கடைசி நாள். கட்டினால் திரும்பக் கிடைக்காது.

"நன்னிலத்துல இல்லாத வயலாக்கா? காசு குடுத்துப் போய்ப் பாக்கணுமா?" என்று சிரித்தான்.

இங்கே நான் கேமராவை எடுத்தாலே நடவுப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, கைச்சேற்றைக் கழுவிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். நிலக்காரர் வீட்டுப் பெண்ணான எனக்கு அந்த ஒரு படம்தான் கிடைக்கும். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

புதன்

காலையிலேயே வங்கிக்குப் போய்க் கட்டிவிட்டேன். தம்பிக்குப் போனில் சொன்னேன்.

"சரி, அங்க என்ன ரகம் நடுறாங்கன்னு கேட்டுட்டு வாக்கா."