கேட்காது என்ற தைரியம்

பெப்ரவரி 3, 1997. திங்கள்

குளிர் மைனஸ் இருபத்திரண்டு. பார்க் மெட்ரோ ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மீசையில் பனி பிடித்துவிட்டது.

மகன் பிருந்தன் பெயரில் பத்தாவது கடிதம் எழுத வேண்டும். பிள்ளையிடமிருந்து ஒன்றும் வரவில்லையே என்று மனைவி புஷ்பராணி கேட்கத் தொடங்கிவிட்டாள். அவன் கிளிநொச்சியில் ஷெல் குண்டு விழுந்து செத்துப் பதினொரு மாதம். தொலைபேசியில் செய்தி வந்தது அவளுக்கு இருதய ஒப்பரேஷன் நடந்த கிழமை. தேறட்டும் என்று மறைத்தேன். அவள் தேறினாள், எனக்குத்தான் வாய் வரவில்லை. அவன் எழுத்து நான் பழக்கிய எழுத்து, என்னுடையது போலவே இருக்கும். கொழும்பிலிருந்து வந்தவர் கையில் கொடுத்தார் என்றால் முத்திரையும் தேவையில்லை. வெட்கம் கெட்ட கெட்டிக்காரன் நான்.

பெப்ரவரி 6

மகள் பிரஷாந்தினியின் பள்ளியில் வகுப்போடு ஊமைப்படம் பார்க்கப் போகிறார்களாம், ஒரு பெற்றோர் துணைக்கு வேண்டுமாம். காது கேளாத பிள்ளைகளுக்கு ஊமைப்படம். பொருத்தம்தான். லீவு சொல்லிவிட்டேன்.

பெப்ரவரி 13. வியாழன்

வகுப்போடு போய்ப் படம் பார்த்து வந்தோம்.

1928இல் எடுத்த பிரெஞ்சுப் படம், கறுப்பு வெள்ளை. யுத்தத்தில் மகன் செத்த தந்தியை வைத்துக்கொண்டு ஒரு தாய் ரயில் மேடையில் நின்று கதறுகிறாள். நான் கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்கள். எனக்கு வந்த கோபம். மகளின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அப்பா, அவ மகனைப் பற்றிக் கதைக்கேல்லை. சப்பாத்து கடிக்குது, கெதியா முடியுங்கோ எண்டு சொல்லுறா."

மகளுக்கு ஆறு வயதில் காய்ச்சலோடு காது போனது, பேச்சு போகவில்லை. முகத்துக்கு நேரே நிறுத்திச் சொன்னால்தான் அவளுக்கு விளங்கும் என்று இருந்தோம். ஆசிரியை விளக்கினார்: சத்தம் பதிவாகாது என்ற தைரியத்தில் அந்தக் கால நடிகர்கள் சிலர் வாயில் வந்ததைச் சொல்வார்களாம். இந்தப் பிள்ளைகள் வாயசைவைப் படித்துவிடுவார்களாம்.

அப்படியென்றால்... அந்தத் தொலைபேசி வந்தபோது இவள் அடுப்படி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எனக்கு எதிரில். நான் பெருங்குரலில் எல்லாம் கேட்டேன். உடம்பு கிடைத்ததோ என்றுகூடக் கேட்டேன்.

மெட்ரோவில் அவளைப் பார்த்து, "அண்டைக்கு போன் வந்தது..." என்றேன். முடிக்க விடவில்லை.

"ஓம் அப்பா. அண்ணா செத்தது எனக்குத் தெரியும்."

ஐயோ, பதினொரு வயதுப் பிள்ளையடா அப்ப. ஒன்பது கடிதத்தையும் தாய் வாசிக்க வாசிக்கப் பக்கத்தில் இருந்து சிரித்தவள்.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்களும் சொல்லேல்லைத்தானே."

பெப்ரவரி 14

வேலைக்குப் போகவில்லை. "அம்மாட்டை நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்று கேட்கிறாள். என்னைவிடத் துணிச்சல்காரி.

பெப்ரவரி 16. ஞாயிறு

சொல்லிவிட்டேன். புஷ்பராணி கத்தவில்லை. திகதி மட்டும் கேட்டாள். மார்ச் ஒன்பது என்றேன்.

"அண்டைக்குத்தான் ஆசுப்பத்திரியிலை முதன்முதல் எழும்பி நடந்தனான்" என்றாள். பிறகு என்னோடு பேச்சு இல்லை.

பெப்ரவரி 20

இன்றும் இல்லை.

பெப்ரவரி 23. ஞாயிறு

ஒரு கிழமைக்குப் பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கடிதக் கட்டு முழுவதையும் மேசையில் வைத்தாள்.

"பிள்ளை எழுதினது எது?"

பிரித்தேன். அவனுடையது ஐந்து, என்னுடையது ஒன்பது. ஒன்றை எந்தப் பக்கம் வைப்பதென்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. அந்தத் தடுமாற்றத்தையும் அவள் பார்த்தாள். ஐந்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்ற ஒன்பதையும் கிழித்து எறிவோம் என்று கை வைத்தேன். என் கையைப் பிடித்துவிட்டாள்.

"விடுங்கோ. இந்தப் பிள்ளை உயிரோடை இருக்கிறான் எண்டுதான் நான் பதினொரு மாசமாச் சோறு திண்டனான். போன ஞாயிறு எனக்கு ரெண்டு பிள்ளையள் செத்தவை."