மூன்றாம் குவளையில் வெண்ணெய்

எங்கிருந்தாலும் என் குரல் எட்டும் தொலைவில்தான் இருப்பீர் என்று நம்பி எழுதுகிறேன், நண்பரே.

இன்று காலை ஆகுர்டிச் சந்தையில் ஒரு தள்ளுவண்டிக்காரர் பம்பளிமாசுப் பழத்தைப் பிளந்துகொண்டிருந்தார். இந்த மராட்டிய ஊரில் அதற்குப் பப்பனஸ் என்று பெயர். தடித்த தோலில் அவர் கட்டைவிரல் இறங்கியதும் எழுந்த மணத்தில் நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த இருசக்கர ஊர்திகள் எல்லாம் ஒலியெழுப்பின. “காகா, வேணுமா, வேண்டாமா?” என்று, சித்தப்பா முறை வைத்து, அவர் மராத்தியில் கேட்டார். எழுபதைக் கடந்த வேட்டிக்காரன் ஒருவன் கண்ணை மூடி மூச்சை இழுத்தபடி நிற்பது வணிகத்துக்கு இடையூறுதானே. அவரிடம் நான் எப்படிச் சொல்வேன், ஐயா, இது எனக்குப் பழத்தின் மணம் அன்று, பீரின் மணம் என்று?

நாம் முதலில் சந்தித்ததும் அந்தப் பீரை முன்னிட்டுத்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பொங்கல் விழா. பகலில் வண்டித் தொழிற்சாலையின் பண்டகசாலையில் திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்த நான், மாலையில் நம் தமிழ்ச் சங்க மேடையேறி, மதுவின் கேட்டை எதிர்த்து இரண்டு மணி நேரம் முழங்கினேன். பீர் என்னும் சொல் நாவில் படுவதும் இழுக்கென்று கருதி ‘வாற்கோதுமைக் கள்’ என்றே பேச்சு முழுவதும் சொன்னேன். இறங்கியதும் முதல் வரிசையிலிருந்து எழுந்துவந்து என் கையைப் பற்றிக் குலுக்கினீர்.

“பேச்சுன்னா இதுல்லாவே பேச்சு! எனக்கே கண்ணு கலங்கிட்டு.”

“மகிழ்ச்சி. தாங்கள் எங்கே பணியாற்றுகிறீர்கள்?”

“வாற்கோதுமைக் கள் காய்ச்சுத கம்பெனிலதான். தரம் பாக்கேன்.”

அன்று முதல் நான் மதுவைச் சாடிய கூட்டங்களுக்கெல்லாம் நீர் தவறாமல் வந்தீர். நான் நடுவராக அமர்ந்த பட்டிமன்றங்களுக்கும் வந்தீர். இரு அணியும் வென்றன என்று நான் தீர்ப்பளிக்கும் ஒவ்வொரு முறையும் வெளியே தேநீர்க் கடையில் காத்திருந்து, “ஒருக்காவது ஒருத்தன தோக்க வையும்வே, பாவம், கேக்க வந்தவன் எதுக்கு வந்தான்?” என்பீர்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் பத்தாண்டின் கடைசியில் ஒரு ஞாயிறு. தாபோடியில் உம் வீட்டுக்கு வந்தேன். உம் மனைவி கோயிலுக்குப் போயிருந்தார். நீர் அடுக்களை வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தீர். உமக்கு இரண்டடி பின்னால் அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, வீடெங்கும் புகை. மாடிப்படியிலேயே எனக்கு மூக்கு எரிந்தது.

“பால் தீய்கிறதே!” என்று கத்தினேன்.

நீர் தாளிலிருந்து தலையைத் தூக்கி, “அப்படியா?” என்றீர்.

அந்த ஒரு சொல்லில் எனக்குப் பிடிபட்டது; மீதியை நீரே சொன்னீர். ஏழு மாதத்துக்கு முன் வந்த கடுஞ்சளி உம் மூக்கின் மணமறியும் ஆற்றலை முற்றாகக் கொண்டுபோயிருந்தது. மருத்துவர் மூவர் கைவிரித்திருந்தனர். ஆலைக்குத் தெரியாது. மனைவிக்கும் தெரியாது. அவரோ மகிழ்ச்சியில் இருந்தார். “முப்பது வருசமா சாம்பார்ல குத்தம் கண்டுபிடிச்ச மனுசன், ஏழு மாசமா வாயத் தொறக்கல அண்ணாச்சி. நான் நேந்துக்கிட்டது வீண் போகல” என்று என்னிடமே சொன்னார். அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க உமக்கு மனம் வரவில்லை, துணிவும் வரவில்லை.

“பழைய பீருன்னா மெசினே பாதி சொல்லிரும். கசப்ப நாக்கு சொல்லிரும். இப்பம் ஒரு புதுசு வந்திருக்குவே” என்றீர். அமெரிக்காவில் பீர் காய்ச்சப் படித்துத் திரும்பிய கேதார் என்னும் இளைஞரை ஆலையில் அமர்த்தியிருந்தார்கள். அவர் அந்நாட்டு முறையில் பேல் ஏல் என்னும் பீரை மூன்று விதமாகக் காய்ச்சியிருந்தார். ஐவர் கூடி முகர்ந்து, சுவைத்து, மதிப்பெண் இட்டு, ஒன்றைத் தேர வேண்டும். “ஹாப்ஸுன்னு ஒரு கொடியோட பூவு. நம்ம ஊர் பீர்ல பேருக்குப் போடுவான். அமெரிக்காக்காரன் அள்ளிப் போடுதான். எலுமிச்சத் தோலு, பம்பளிமாசு, பைன் மரத்துப் பிசின் எல்லாம் மணக்கணும். மணம்தான்வே அந்தப் பீரே. நான் என்னத்த மணப்பேன்? ஓய்வுக்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கு. மூக்கு இல்லாத தர அதிகாரிய எவன் வச்சிருப்பான்?”

பிறகு என் மூக்கையே உற்றுப் பார்த்தீர்.

நான் கொள்கையை எடுத்துரைத்தேன். நீர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எதிரிய ஒருக்காகூட நேர்ல பாக்காமலே பதினஞ்சு வருசமா வஞ்சிருக்கீரு. பாத்துட்டு வஞ்சா இன்னும் நல்லா வரும்” என்றீர். உம் அருகில் ஐந்தாம் ஆளாக அமர ஒப்புக்கொண்டேன்.

நான்கு ஞாயிறுகள் பயிற்சி. துணி மூடிய சின்னக் குவளைகளில் ஆரஞ்சுத் தோல், எலுமிச்சை இலை, கொய்யா, வெட்டிய புல், குங்கிலியம், நனைந்த அட்டை, புளித்த காடி. கண்ணைக் கட்டிக்கொண்டு நான் முகர்ந்து சொல்ல, நீர் சரிபார்த்தீர். ஒருநாள் உம் மனைவி எட்டிப் பார்த்து, “ரெண்டு பேரும் என்ன பூசை பண்ணுதிய?” என்றார். “சங்கத்துப் போட்டிக்கு ஒத்திகை” என்று நான் சொன்ன பொய்யை நீர் தலையசைத்து வழிமொழிந்தீர்.

முகர்ந்துவிட்டுத் துப்பிவிடலாம் என்றிருந்தேன். “துப்புதது வைன்காரன். பீர உள்ள எறக்கணும், கசப்பு அடித்தொண்டையிலதான் தெரியும்” என்றீர். எந்தத் தொண்டையால் மதுவை ஒழிக்கப் புறப்பட்டேனோ அதே தொண்டை! இரண்டு நாள் உறக்கமில்லை.

முதலாளியிடம் என்னை ஒளிவுமறைவின்றித்தான் அறிமுகம் செய்தீர்: பட்டிமன்ற நடுவர், வாழ்நாளில் பீர் தொட்டதில்லை, ஆகவே எந்த ஆலையின் பக்கமும் சாயமாட்டார். முதலாளிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. மேடைக்குச் செல்வதுபோல் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக நான் முற்பகல் பதினொரு மணிக்கு வந்து உம் அருகில் அமர்ந்தேன். எதிரே முதலாளி, கேதார், விற்பனை மேலாளர். ஆளுக்கு மூன்று குவளை, ஒரு மதிப்பெண் தாள். நாம் தமிழில் கலந்து பேசினால் யாருக்கும் புரியாது என்பது உம் ஏற்பாடு.

முதல் குவளை. செம்பொன் நிறம், மேலே விரலளவு நுரை. மூக்கை வைத்தேன். பம்பளிமாசு. அதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதிரே மூவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவை கண்டால் அடங்குமா என் நா? “வைகறையில் பிளந்த பம்பளிமாசின் ஈரத்தோல்! அதனடியில், கோடை மழை ஓய்ந்தபின் மண்ணிலிருந்து மெல்லெனக் கிளர்ந்தெழும் அந்தப் புத்தம்புது மணம்!” என்று தொடங்கி, கையை வேறு உயர்த்திவிட்டேன்.

கேதார் உம்மிடம், “என்ன சொல்கிறார்?” என்று இந்தியில் கேட்டார்.

“பம்பளிமாசு மணம் இருக்காம். கொஞ்சம் மண் வாசம்.”

“இரண்டு நிமிடம் பேசினாரே?”

“தமிழ் மே டைம் லக்தா ஹை, சார்” என்றீர் முகத்தை மாற்றாமல். தமிழில் நேரம் பிடிக்குமாம்.

இரண்டாம் குவளை வெறும் புல். மணம் மெலிந்து, கசப்பு மட்டும் நாவின் அடியில் நெடுநேரம் நின்றது. அதற்கும் ஒரு நிமிடம் பேசினேன்.

மூன்றாவதுதான் அன்றைய வெற்றிப் பீர் என்று எல்லார் முகமும் சொன்னது. மேலாளர் குவளையை முடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். முதலாளி அடுத்த மாதமே புட்டியில் அடைப்பது பற்றிப் பேசத் தொடங்கினார். நான் முகர்ந்தேன். கொய்யா, பிசின், பம்பளிமாசு எல்லாம் ஒருங்கே எழுந்தன. அவற்றின் அடியில் இன்னொன்று. எனக்குப் பிறந்தது முதல் பிடித்தது. “ஆகா! உருகும் வெண்ணெய்! நெய்யாவதற்கு ஒரு நொடி முன்னே பொங்கியெழும் அந்த மணம்! இதுவே இப்பீரின் மணிமுடி!” என்றேன்.

உம் பேனா நின்றது.

“என்னவே சொன்னீரு?”

“வெண்ணெய்.”

உம் முகத்தில் குருதி வற்றியதைப் பார்த்தேன். வெண்ணெய் உயர்வென்று நான் எண்ணியிருந்தேன். பீருக்கு அது கேடு என்று நீர் எனக்குச் சொல்லித்தரவில்லை. பல்லாண்டாக உம் ஆலையில் அந்தக் கேடு வந்ததில்லையாம். “ஈஸ்டு வேலைய பாதில விட்டுட்டு ஓடிருக்கு. இன்னைக்கு லேசா இருக்கும், ஹாப்ஸு மறைச்சிரும். புட்டில அடைச்சு ஒரு மாசம் நின்னா தொறந்த ஒடனே மூக்குல அறையும்” என்று முணுமுணுத்தீர். பிறகு என் பக்கம் முழுவதும் திரும்பினீர்.

“நெசமாச் சொல்லும். இது மேடையா, மூக்கா?”

நண்பரே, என் வாழ்வில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கைதட்டினார்கள், மாலையிட்டார்கள். கேட்டதில்லை. முதல் முறையாக நான் குரலைத் தாழ்த்தினேன்.

“முதல் குவளையில் மண் இல்லை. நான் சேர்த்தது. இதில் வெண்ணெய் இருக்கிறது.”

நீர் பேனாவை மூடினீர். பிறகு எழுந்து, மூன்றாம் பீர் புட்டியில் அடைபடாது என்று அறிவித்தீர். கேதார் முகம் சிவந்தது. “காகா, எனக்கு எதுவும் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. நீங்களே இன்னொரு முறை முகர்ந்து சொல்லுங்கள்” என்றார். நீர் குவளையை மூக்கருகே கொண்டுபோனீர். கண்ணாடிச் சன்னலை முகர்வதும் அதுவும் உமக்கு ஒன்று என்பது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். “மக்கன்” என்றீர், வெண்ணெய்க்கான இந்திச் சொல்லை அழுத்தி. கேதார் தோளைக் குலுக்கினார்.

“சரி, சுடுதண்ணி கொண்டாரச் சொல்லுங்க” என்றீர். அந்தப் பீரைச் சிறு புட்டியில் மூடிச் சூடான நீரில் இருபது நிமிடம் வைத்தால், ஒரு மாதத்துக் கேடு அன்றே வெளியில் வருமாம். புட்டியை நீரில் இறக்கிவிட்டு என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போனீர்.

“காலைல என்ன சாப்பிட்டீரு?”

“தொடர்வண்டி நிலையத்தருகே ஈரானித் தேநீர்க் கடையில் ஒரு பன் மஸ்கா.”

“பன் மஸ்காவா! வெண்ணெயத் தடவித் தின்னுட்டா வந்தீரு? இவ்வளவு பெரிய மீசைய வச்சுக்கிட்டு!”

கைகழுவும் தொட்டியில் என் தலையை நீரே அமுக்கி, கட்டிச் சோப்பால் என் மீசையைத் துவைத்தீர். மதுவை எதிர்த்து முழங்கிய அந்த மீசையை, பீர் ஆலையின் தொட்டியில்! உள்ளே வந்து மூன்றாம் குவளையை மறுபடி முகர்ந்தேன். சோப்பு மணம்தான் வந்தது. வேறெதுவும் இல்லை. “போச்சு” என்றீர். இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. பதினொரு மாதப் பணியையும் முப்பதாண்டுப் பெயரையும் என் மீசையை நம்பி வைத்துவிட்டு, நீர் அமைதியாகத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தீர். நான் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

புட்டியை எடுத்து, குழாய் நீரில் ஆற்றி, மேசை நடுவில் திறந்தார்கள்.

“பாப்கார்ன்!” என்று அலறினார் விற்பனை மேலாளர். திரையரங்கின் இடைவேளை அப்படியே அந்த அறைக்குள் வந்து நின்றது. என் சோப்பையும் தாண்டி எனக்கே அடித்தது. முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன மூக்குய்யா இது! இதை இன்ஷூரன்ஸ் செய்ய வேண்டும்!” என்று உம் முதுகில் தட்டினார். எல்லாரும் பின்வாங்கிய அந்தப் புட்டியின் நேர் மேலே, பேருந்துக்குக் காத்திருப்பவர்போல நீர் மட்டும் நின்றுகொண்டிருந்தீர். கேதார் உம்மையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம். பதினொரு மாதம் ஓடியிருக்கும். நீர் சிரித்துவிட்டு என்னைக் கைகாட்டினீர். “சாப், நாக் இன்கா ஹை. மேரா தோ ஆட் மஹினே ஸே பந்த் ஹை.” மூக்கு இவருடையது, என்னுடையது எட்டு மாதமாய் மூடிக்கிடக்கிறது என்றீர். முதலாளி அந்தப் புட்டியை மூடிவைத்தார். பிறகு கேதாரிடம், “மூக்கு எல்லாரிடமும் இருந்தது. வெண்ணெய் என்றால் என்ன பொருள் என்பது இவரிடம்தான் இருந்தது” என்றார். ஓய்வுவரை நீர் அந்த மேசையிலேயே இருந்தீர். உமக்கு அருகில் நல்ல மூக்குள்ள ஒருவரை அமர்த்தினார்கள். அவர் சுருக்கமாகப் பேசுவாராம்.

தண்டனை வீட்டில்தான் கிடைத்தது. அன்று மாலையே மனைவியிடம் உண்மையைச் சொன்னீர். “அப்பம் எட்டு மாசமா என் சாம்பாரு?” என்று ஒரே கேள்வி கேட்டாராம். பதினைந்து நாள் பேசவில்லை. என்னிடம் ஒரு மாதம்.

மதுவைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. அடுத்த பொங்கலுக்கும் சாடினேன். ‘குடலைக் கெடுக்கும் கசப்பு’ என்று நான் சொன்னபோது முன்வரிசையில் இருந்து நீர் இரண்டு விரலைக் காட்டினீர். இரண்டாம் குவளையா என்று கேட்கிறீராம். பேச்சு அறுந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நீர் போன பிறகு சங்கத்தில் உமக்கு நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். எனக்கு அரை மணி ஒதுக்கினார்கள். ஒன்பது பக்கம் எழுதிக்கொண்டு போனேன். முதல் வரியிலேயே உம்மைச் சந்தனத்துக்கு ஒப்பிட்டிருந்தேன். ஒலிபெருக்கியின் முன் நின்று அவ்வரியைப் பார்த்தேன். உம்மிடம் ஒருநாளும் சந்தனம் மணந்ததில்லை. வெந்த தானியமும் சலவைத் தூளும்தான் உம் சட்டையில் மணக்கும். தாள்களை மடித்துவிட்டுச் சொன்னேன்: “இவருக்கு மணம் தெரியாது. என் மூக்கை நம்பினார். அதில் நான் கலப்படம் செய்திருந்தேன். ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகும் நம்பினார்.” இறங்கிவிட்டேன். செயலாளர் ஓடிவந்து, “ஐயா, மைக் கட் ஆயிடுச்சா? வேற மைக் தரவா?” என்றார்.

இப்போதெல்லாம் மேடையில் ஓர் அலங்காரச் சொல் தொண்டைவரை வந்தால், உம் பேனா நின்ற அந்த நொடி குறுக்கே வந்து நிற்கிறது. வந்தவற்றுள் பாதி திரும்பிப் போய்விடுகின்றன. இரண்டு மணி நேரம் பேசியவன் நாற்பது நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். வயதாகிவிட்டது, மூச்சு வாங்குகிறது என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. மறுக்கத் தொடங்கினால் மறுபடியும் இரண்டு மணி நேரம் ஆகும்.