வெல்டர் மாமா கட்சி மாறிவிட்டார்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ அனுப்பிய ஸ்வெட்டர் கழுத்தில் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது, போகப்போகச் சரியாகிவிடும்.

தேர்தலில் நம் கட்சி தோற்றுவிட்டது. உழைப்பவனுக்குக் கூலி, இந்த மண்ணுக்கு உரிமை என்று தொண்டை கிழியக் கத்திய நம் தெருவிலேயே ஓட்டு பாதியாகிவிட்டது. போனதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்புவோம் என்கிற புதுக் கட்சிக்கு.

வெல்டர் மாமாவும் அங்கேதான் இருக்கிறார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வந்தாரே, அவரேதான். வந்தவர்களைப் பாதிக் கூலிக்குச் சேர்த்துக்கொண்டு, பட்டறை முதலாளி இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். கட்சி மாறுவதற்கு முன் ஒருநாள், நம்ம கட்சி முதலாளியத் திட்டுது சரி, எனக்கு என்ன வழி என்று கேட்டார். சங்கம், போராட்டம் என்று ஏதோ சொன்னேன். எனக்கே அது மனதில் ஒட்டவில்லை.

தேர்தலுக்கு முன்பே தலைமை பயந்துவிட்டது. வந்தவர்களுக்கு அரசுக் குடியிருப்பில் வீடு தரமாட்டோம் என்று நாமும் சொல்லுவோம், கிளைக் கூட்டத்தில் அறிவித்துவிடு என்று செயலாளரான எனக்கு ஆள் அனுப்பினார்கள். மைக்கைப் பிடித்தேன். என் மகளும் இன்னொரு நாட்டில் வந்தவள்தான், என்னால் முடியாது என்றேன்.

வெல்டர் மாமா எழுந்தார். உம் பொண்ணு நல்லா இருக்கட்டும்ப்பா, எம் பொண்ணு வாடகை கட்ட முடியாம நிக்குறாளே, அவ எந்த நாட்டுக்குப் போவா என்று கேட்டுவிட்டு நடந்தார். பின்னாலேயே ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். யாருக்கும் கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. நாற்காலிகளை நானே மடக்கி வைத்தேன்.

செயலாளர் பதவியும் போனது. வேறு ஆளை வைத்து அதையே சொல்ல வைத்தார்கள். அப்படியும் தோற்றோம்.

டீக்கடையில் நான் உட்கார்ந்ததும் பேச்சு மழைக்குத் தாவிவிடுகிறது. நேற்று வெல்டர் மாமா கடை வாசலில் நின்றிருந்தார். பொண்ணு எப்படி இருக்கா என்று கேட்டார். நல்லா இருக்கா என்றேன். தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

நீயும் போனில் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்கிறாய். அங்கேயும் தேர்தல் வருகிறதாமே. முதியோர் இல்லத்து வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் யாராவது முறைத்தால் சண்டைக்குப் போகாதே. தலையைக் குனிந்துகொண்டும் வராதே. அங்கே உனக்காக ஒரு வார்த்தை பேச யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர்கள் பெயரை எழுது, கண்ணே. அவர்களும் நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா