உங்கள் பாடைக்குத் தோள் கொடுக்காதவன்

அண்ணே,

இன்று காலை கரும்பு ஏற்றிப் போகும்போது டிரெய்லர் டயர் பஞ்சர். கச்சிராயபாளையம் சாலைக் கடையில் ட்யூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். ஈர ரப்பர் வாசனை வந்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறிவிட்டது. மலையிலிருந்து சாராயம் அந்தக் காலத்தில் லாரி ட்யூபில்தானே இறங்கும்? குடியை விட்டு எட்டு வருஷம் ஆகியும் இந்த நாக்குக்கு வெட்கம் வரவில்லை. இதை யாரிடம் சொல்வது? போனில் உங்கள் நம்பரை எடுத்துவிட்டேன். அப்புறம்தான், நீங்கள் போய் நாலு வருஷம் ஆயிற்றே என்று வைத்துவிட்டேன்.

உங்களை முதலில் பார்த்தது ஆஸ்பத்திரி வார்டில். குடியை நிறுத்த வந்து படுத்திருந்தேன். நீங்கள் ஏணிமேல் நின்று சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் டம்ளரைப் பிடிக்க முடியாமல் தண்ணீரை நெஞ்சில் ஊற்றிக்கொண்டதைப் பார்த்து, "கை நடுங்குதா தம்பி? போன வருசம் அதே கட்டில்ல நான் படுத்துக்கினு இருந்தேன்" என்றீர்கள். நான் நம்பவில்லை. உங்கள் கையிலிருந்த பிரஷ் சுவரில் இழுத்த கோடு அவ்வளவு நேராக இருந்தது.

மத்தியானம் என் கட்டிலில் உட்கார்ந்து நீங்கள் சாப்பிட்டபோது கயிற்றுக் கதையைச் சொன்னேன். குடிக்க மாட்டேன் என்று கோயிலில் ஆறு மாதத்துக்குக் கயிறு கட்டியிருந்தேன். என் மகள் கோமதிக்கு அப்போது எட்டு வயது. தினமும் காலண்டரில் ஒரு நாளை அடிப்பாள். நானும் மனசுக்குள் அடித்துக்கொண்டுதான் இருந்தேன், வேறு காரணத்துக்காக. ஆறு மாதம் முடிந்த அன்று தேங்காய் உடைத்து, முறைப்படி கயிற்றை அவிழ்த்து, கோயிலிலிருந்து நேரே குடிக்கப் போனேன். சாமிக்குக் கொடுத்த வாக்கில் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை, பாருங்கள்! வீட்டில் அவளும் அவள் அம்மாவும் கேசரி கிண்டி வைத்துக் காத்திருந்தார்கள். "கயிறு அவுத்துட்டா குடிக்கலாமாப்பா?" என்று கேட்டாள். அடுத்த வாரமே அவள் அம்மா அவளை அழைத்துக்கொண்டு தியாகதுருகத்துக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

கேட்டுவிட்டு நீங்கள் புத்தி சொல்லவில்லை. "நானும் மூணு தபா கட்டிக்கினேன்டா. தேதி வெச்சா தேதி வந்துடுது. இன்னிக்கு மட்டும் வேணாம்னு சொல்லு. நாளைக்கி நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது, வா என்றீர்கள். தேடிக்கொண்டு போனால் அது ஒரு அங்கன்வாடி. ஆனா ஆவன்னா படத்துக்குக் கீழே பாய் விரித்து நீங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தீர்கள்.

"மத்தவங்கல்லாம் எங்கண்ணே?"

"நானு. இப்ப நீயி. ஆரம்பிக்கலாமா?"

நாலு வருஷம் அப்படித்தான் நடந்தது. எப்போதாவது மூன்றாவதாக ஒருவர் வருவார், இரண்டு வாரத்தில் காணாமல் போவார். நான் மாதம் ஒருமுறை தியாகதுருகம் போய் வாசலிலேயே உட்கார்ந்து மகளைப் பார்த்துவிட்டு வந்து அழுவேன். உள்ளே வா என்று அங்கே யாரும் சொன்னதில்லை. என் கையில் கயிறு இருக்கிறதா என்று கோமதி பார்ப்பாள். இருக்காது. அதனால் நம்பவும் மாட்டாள். "நம்பறது அவ வேல. குடிக்காதது உன் வேல" என்பீர்கள்.

நீங்கள் குடியை விட்டீர்கள், கல்லீரல் உங்களை விடவில்லை.

நீங்கள் போன அன்று உங்கள் வீட்டுக்கு மாலையோடு வந்தேன். பாடைக்கு முன்பக்கம் நான்தான் தோள் கொடுக்க வேண்டும் என்று அண்ணி சொல்லியிருந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? தூக்குகிறவர்களுக்கெல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மச்சான் என் கையிலும் ஒரு டம்ளரைத் திணித்தார்.

"நான் குடிக்கிறதில்லீங்க."

"தெரியும்பா. மாமனுக்காக. இன்னிக்கு ஒரு நாளு மட்டும்."

உங்களுக்காகக் குடிக்கச் சொன்னார், அண்ணே. நான் மறுபடி மறுக்கவில்லை. டம்ளர் உதடு வரை வந்துவிட்டது. நீங்கள் கிடக்கிறீர்கள், இனி ஞாயிற்றுக்கிழமை யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. முன்னால் பறை வேகமெடுத்தது, தூக்கப் போகிறார்கள் என்று யாரோ கத்தினார்கள். டம்ளரைத் துணி துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு வேலிப் பக்கமாக ரோட்டுக்கு ஓடினேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. வந்த பஸ்ஸில் ஏறிக் கள்ளக்குறிச்சியில் மாறி, மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

கோமதிதான் வந்தாள். எட்ட நின்று, வழக்கம்போல மூக்கைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா ஒரு மாதிரியா கீற?"

"எனக்கு வேண்டியவரு ஒருத்தரு செத்துட்டாரும்மா."

"அப்ப அங்க இல்லாம இங்க ஏன் வந்த?"

"அங்க இருந்தா குடிச்சிருப்பேன்."

கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி தண்ணீர் இறைத்து வைத்தாள். "சாவு வூட்லருந்து வந்துகீற. குளிச்சிட்டு உள்ள வா" என்றாள்.

அந்த வருஷப் பள்ளி லீவில் அவளும் அவள் அம்மாவும் நம் ஊருக்கே திரும்பி வந்தார்கள். இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள்.

சந்தையில் அண்ணி என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கூடவே சுற்றியவன் கடைசியில் தோள் கொடுக்கவில்லை என்று ஊரே பேசுகிறது. உங்கள் சாவில் ஊற்றிக்கொடுத்தார்கள், அதனால் ஓடினேன் என்று அந்தத் தாலியறுத்த மனுஷியிடம் போய் எப்படிச் சொல்வேன்? ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடியைத் திறந்து பாய் விரிக்கிறேன். பெரும்பாலும் நான் மட்டும்தான்.

நான் செய்தது சரிதான் என்று கோமதியைப் பார்க்கும்போதெல்லாம் தெரிகிறது. ஆனாலும் உங்களை விட்டுவிட்டு ஓடிய அந்த ஓட்டம் என் காலில் இன்னும் இருக்கிறது, அண்ணே. "சரியாத்தான்டா செஞ்ச" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள். அன்று உங்களைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.