குத்தகைக்கு யாருமில்லை

ஜூன் 12, 2024 – புதன்

மாடம்பாக்கம் நிலத்துக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. சாலைக்காக இருக்கிற ஒரு ஏக்கரும் போகிறது. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இதையெல்லாம் அவரே பார்த்துக்கொண்டிருப்பார். விசாரணை 25ஆம் தேதி. வழிகாட்டி மதிப்பை வைத்துத்தான் விலை போடுவார்களாம். பக்கத்து மனை விற்ற விலையில் அது கால்வாசிகூட இல்லை.

அங்கே பதினாலு வருஷமாகக் கீரை போடுவது ஞானம்மாள். குத்தகைக்கு எழுத்து எதுவும் கிடையாது. வாய்ப்பேச்சுதான். அவளுக்கு என்ன வழி?

ஜூன் 20

ஜெயகிருஷ்ணன் பெங்களூரிலிருந்து பேசினான். "அம்மா, அந்தம்மா பேரை இழுத்தா கேஸாயிடும். வருஷக்கணக்கா மாட்டிக்கும். நாமளே பயிர் வைக்கிறோம்னு சொல்லிடு, அவ்ளோதான்."

அவன் வீட்டுக் கடனுக்கு இதைத்தான் நம்பியிருக்கிறான். அதுவும் தெரியும்.

ஜூன் 25

தாம்பரத்தில் விசாரணை. வரிசையில் இரண்டு மணி நேரம். கடைசியில் அதிகாரி தலைநிமிராமல் கேட்டார்: "குத்தகைக்கு யாராவது இருக்காங்களா மேடம்?"

"இல்ல சார்."

கையெழுத்துப் போட்டேன். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூன் 26

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள் நான். பிள்ளைகளிடம் என்னவெல்லாம் சொன்னேன்!

ஜூலை 3

ஞானம்மாள் சிட்லபாக்கத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இன்னாக்கா, ஆபீஸ்ல இன்னா சொன்னாங்கோ? பயிர் வெக்கிறவங்களுக்கும் துட்டு உண்டுன்னு பக்கத்து கொல்லை சவுரிமுத்து சொல்லிகினு கீறாரு. என் பேரு அதுல கீதா?"

"பாக்கலாம் ஞானம்மா" என்றேன்.

பாக்கலாம்! எதைப் பார்ப்பது? பார்த்து, கையெழுத்தும் போட்டு, எட்டு நாள் ஆகிவிட்டதே. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். நம்பிவிட்டாள் – அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூலை 5

ஹாலுக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். ஜெய்யிடம் கேட்டுக்கொண்டு செய்வதா, செய்துவிட்டுச் சொல்வதா?

ஜூலை 8

தாம்பரம் ஆபீசுக்குப் போய், குத்தகைக்கு ஞானம்மாள் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை.

அதிகாரி கோப்பைத் திருப்பிப் பார்த்தார். "அன்னிக்கு இல்லன்னீங்க, இப்ப இருக்குன்றீங்க. எது மேடம் பொய்?"

"முதல்ல சொன்னது."

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 15ஆம் தேதி ஞானம்மாளை அழைத்து வர வேண்டுமாம். இருவரையும் வைத்து விசாரிப்பார்களாம். அப்படியென்றால் அவளுக்குத் தெரிந்துவிடும். முன்கூட்டியே நானே சொல்லிவிடலாம். சொல்ல வேண்டும்.

ஜூலை 14

சொல்லவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்துடு" என்று மட்டும் போனில் சொன்னேன்.

ஜூலை 15

என் பழைய வாக்குமூலத்தை அதிகாரி உரக்கப் படித்தார். 'சொந்த சாகுபடி. குத்தகைக்கு யாரும் இல்லை.' ஞானம்மாள் என்னைப் பார்க்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், கைநாட்டு வைத்தாள். விதைக் கடை ரசீதுகளைப் பையோடு கொண்டுவந்திருந்தாள்.

வெளியே பஸ் ஸ்டாப்பில்தான் கேட்டாள்: "நீயாக்கா இல்லைன்னு எழுதிக் குடுத்தே?"

முதல் முறையாக 'நீ' என்றாள்.

"ஆமா."

"நான் வூட்டுக்கு வந்து கேட்டேனே, அப்பவாவது சொல்லிருக்கலாம்ல?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

ஜூலை 16

ஜெய்யிடம் எல்லாம் சொன்னேன். "உன் இஷ்டம்மா" என்று வைத்துவிட்டான்.

செப்டம்பர் 9

அவன் பேசுவதில்லை. அவளும் வருவதில்லை.

நவம்பர் 20

உத்தரவு வந்தது. சாகுபடி செய்பவர் என்று ஞானம்மாள் பெயர் இருக்கிறது. ஆனால் நிலத்துக்குப் போட்ட விலை அதே வழிகாட்டிக் கணக்குதான். அவளுக்கும் சொற்பம்தான்.

நவம்பர் 24

காலையில் ஞானம்மாள் வந்தாள். நாற்காலியை இழுத்து அவளே உட்கார்ந்தாள்.

"இது பத்தாதுக்கா. சவுரிமுத்து கோர்ட்டுக்குப் போறாரு. நானும் போறேன். நீயும் வரதா இருந்தா வா."

"வரேன்."

"வக்கீலு எல்லாத்தையும் எழுதிக் கொண்டாரச் சொன்னாரு. எனக்கு எழுத வராது. நான் சொல்றத நீ எழுது. நான் சொல்றத மட்டும்."

தாள் எடுத்துவந்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்த வருஷம் வந்தாள், எத்தனை பாத்தி, கிணறு வற்றிய வருஷம் என்ன செய்தாள் – எல்லாம். ஜூன் 25ஆம் தேதி நான் சொன்னதையும் சொன்னாள். அதையும் எழுதினேன்.

முடிந்ததும் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"இன்னொரு வாட்டி படி" என்றாள்.